காற்றாடிமலைக்குப் போகும் முன்

பயம் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஆரல்வாய்மொழி தேவசகாயம் மவுண்டுக்கு, அதாவது காற்றாடிமலைக்கு, வருகிறவர்களில் பலர் நேரே மலைக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான்பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பாறை புனித தேவசகாயம் வந்துசேர்ந்த கடைசி இடம். அதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று வருடச் சிறையும் சித்திரவதையும் இருக்கின்றன. அந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டு மலைக்கு வந்தால்தான் அவர் பயத்தை எப்படிக் கடந்தார் என்பது பிடிபடும்.

தொடக்கம் மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள நட்டாலம். 1712 ஏப்ரல் 23 அன்று தேவசகாயம், நீலகண்டன் என்ற பெயரோடு பிறந்த ஊர். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியில் இருந்தவர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த சமயத்தில், 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். எனவே நட்டாலத்தில் செபமாலைக்கு முன்பாக யோபு நூலின் முதல் மூன்று அதிகாரங்களை வாசியுங்கள். மொத்தம் 61 வசனங்கள்தான், நிதானமாக வாசித்தாலும் கால் மணி நேரம் ஆகாது. மூன்றாம் அதிகாரத்தின் 25ஆம் வசனத்தில், தான் எதற்கு அஞ்சினாரோ அதுவே தன்மேல் வந்தது என்கிறார் யோபு. அங்கே நிறுத்தி, உங்கள் பயம் எது என்று ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். ‘எல்லாவற்றுக்கும் பயம்’ என்று சொன்னால் செபம் பிடி கிடைக்காமல் அலையும். ‘ஆபரேஷனுக்குப் பயம்’, ‘வேலை போய்விடுமோ என்று பயம்’ என்று பெயர் வைத்துச் சொல்ல வேண்டும். நாள் முழுதும் அந்த ஒரே வரிதான் உங்கள் மன்றாட்டு.

நீலகண்டன் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் ஆன வடக்கன்குளம், காவல்கிணறு பக்கம் இருக்கிறது. இரண்டு நாள் இருந்தால் அங்கும் போகலாம். ஒரே நாள் என்றால் அதை விட்டுவிட்டுப் புலியூர்க்குறிச்சிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கிறிஸ்தவரானதன்பேரில் 1749 பிப்ரவரி 23 அன்று கைதான பிறகு நடந்ததைப் புலியூர்க்குறிச்சி போகும் வழியில் நினைத்துக்கொள்வது நல்லது. கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தோடு வருகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்ட வேண்டாம். அரண்மனையில் மரியாதையோடு நடமாடிய மனிதர் அவர். சொந்த ஊர்க்காரர்கள் முன்னால்தான் இந்த அவமானம்.

நாகர்கோவில்-தக்கலை சாலையிலேயே வருகிறது புலியூர்க்குறிச்சி. தாகத்தில் தவித்தவர் மன்றாடி, முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் ஊறியது என்பது முட்டிடிச்சான்பாறையின் வரலாறு. குழி சின்னது. அதில் கையை விட்டுக் கலக்குவதும், பெரிய பாட்டிலை நிரப்ப முண்டியடிப்பதும் பின்னால் நிற்பவர்களுக்குச் செய்கிற அநியாயம். ஒரு வாய் போதும். குடித்துவிட்டு உட்கார்ந்து, மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’ என்றும், விடும்போது ‘என்னோடு இரும்’ என்றும் பத்துத் தடவை சொல்லுங்கள். விடுகிற மூச்சு இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். படபடப்போடு வந்தவர்களுக்கு நெஞ்சு கொஞ்சம் அடங்கும், பிறகுதான் செபத்தில் மனம் நிற்கும். பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள், இடிந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. யோபுவைச் சொல்லிக்கொடுத்தவருக்கும் ஒரு செபம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நாகர்கோவில் பக்கத்துப் பெருவிளையில் தேவசகாயத்தை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். அங்கே கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும்.

மலைக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு வருவதாக நேர்ந்தவர்கள் உச்சி வெயிலில் பாறையில் கால் வைத்தால் வேண்டுதல் மறந்து கொப்புளம்தான் நினைவில் நிற்கும். இன்னொன்று காற்று. ஊர்ப்பெயரே காற்றாடிமலை. கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. அணைந்துபோனதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு கலங்குகிறவர்கள் உண்டு. கணவாய்க் காற்று எல்லார் திரியையும்தான் அணைக்கிறது, அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். ஜனவரி 14 திருவிழா பொங்கலை ஒட்டி வருவதால் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, அமைதியும் கிடைக்காது. பயத்தோடு வருகிறவர்கள் சாதாரண வாரநாளில் வருவது மேல்.

1752 ஜனவரி 14 அன்று சுடப்படும் முன் செபிக்க நேரம் கேட்டு அவர் முழந்தாளிட்டதாகப் பாறையில் தடங்களைக் காட்டுகிறார்கள். அதனருகே முழந்தாளிட்டு, நட்டாலத்தில் சொன்ன அதே வரியை மூன்று முறை, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கைதாகும் முன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு ஒரே செபத்தை மூன்று முறை சொன்னார், துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்று கேட்கவும் செய்தார். அதனால் ‘இது எனக்கு வேண்டாம் ஆண்டவரே’ என்று கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. ‘உம் விருப்பப்படி ஆகட்டும்’ என்பதை மூன்றாவது முறை சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறையே அதை வலிந்து சொல்கிறவர்களுக்கு அது வாயோடு நின்றுவிடுகிறது.

இறங்கும்போதும் பயம் மிச்சம் இருக்கலாம். தூக்கமே வராமல், நெஞ்சு படபடத்து, வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரையும் பாருங்கள். மருந்து சாப்பிடுவதால் நேர்ச்சை கெடாது.

கடைசியாக நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். காட்டில் கிடந்த உடலின் மிச்சத்தை விசுவாசிகள் எடுத்துவந்து இங்கே பீடத்தின் முன்னால் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று அருளாளர் பட்டம் நாகர்கோவிலிலேயே வழங்கப்பட்டது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். புதிய வேண்டுதல் எதையும் இங்கே ஆரம்பிக்காதீர்கள். உங்களைப் போலவே பயந்துகொண்டிருக்கும் இன்னொருவர் பெயரைச் சொல்லி ஒரு விண்ணுலகிலிருக்கிற செபம், ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.