அப்பாவின் பங்குப் பத்திரம் என் டிமேட் கணக்குக்கு வந்த வழி

2022 ஜூன் மாதம் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, வீட்டுப் பத்திரத்துக்கும் எல்ஐசி ரசீதுகளுக்கும் அடியில் ஒரு பங்குப் பத்திரம் இருந்தது. கெட்டியான தாள், ஓரமெங்கும் பூவேலை, கீழே நிறுவனத்தின் முத்திரையும் இரண்டு இயக்குநர்களின் கையொப்பமும். 100 பங்குகள், ஒன்றின் முகமதிப்பு 10 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் மொத்தம் 1,000 ரூபாய்தானே என்று அம்மா அதை மூடி வைக்கப் போனார். நானோ அன்றைய சந்தை விலையான 300 ரூபாய்ச் சொச்சத்தால் பெருக்கி, முப்பதாயிரத்துக்குக் குறையாது என்றேன். இரண்டு கணக்கும் தவறு.

முகமதிப்பு என்பது நிறுவனத்தின் மூலதனக் கணக்கில் ஒரு பங்குக்கு எழுதப்பட்டிருக்கும் தொகை. சந்தையில் அது கைமாறும் விலையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அம்மாவின் தவறு அது. என் தவறு, பங்குதாரர் பட்டியலைப் பராமரிக்கும் பதிவாளர் நிறுவனத்துக்கு, அந்தப் பட்டியலில் அப்பாவின் கணக்கு எண்ணான ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு எழுதியபோது தெரிந்தது. அந்த ஃபோலியோவில் 1,000 பங்குகள் இருப்பதாகப் பதில் வந்தது. இடையில் நிறுவனம் 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகப் பிரித்ததில் 100 பங்கு 500 ஆகியிருந்தது. பிறகு ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததில் 500 பங்கு 1,000 ஆகியிருந்தது. நான் பத்திரமாக உறையிட்டு வைத்திருந்த பழைய தாள், பங்குப் பிரிப்பின்போதே செல்லாததாகிவிட்டது. செல்லுபடியாகும் இரண்டு பத்திரங்களையும் ஆண்டறிக்கைகளின் கட்டுக்குள்ளிருந்து, பழைய பேப்பர்காரர் வருவதற்கு முந்தைய நாள், தங்கைதான் கண்டெடுத்தாள்.

அடுத்ததாகத் தெளிய வேண்டியிருந்தது, விற்றோ கொடுத்தோ பெயர் மாற்றுவதற்கும், இறந்தவரிடமிருந்து வாரிசுக்குப் பெயர் மாறுவதற்கும் உள்ள வேறுபாடு. முதலாவது டிரான்ஸ்ஃபர், இரண்டாவது டிரான்ஸ்மிஷன். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் காகிதப் பங்குகளை டிரான்ஸ்ஃபர் செய்வதை 2019 ஏப்ரல் 1 முதல், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி நிறுத்திவிட்டது. டிரான்ஸ்மிஷனுக்கு அந்தத் தடை இல்லை. அப்பா நாமினி யாரையும் பதிந்திருக்கவில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தில் உள்ள காகிதப் பங்குகளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நீதிமன்றம் போகாமலே முடிக்க அப்போது எளிய வழி இருந்ததால், எங்களுக்கு வாரிசுச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கினேன். அம்மாவும் தங்கையும் ஆட்சேபமில்லை என்று முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். என் பக்கத்திலிருந்து உறுதிமொழிப் பத்திரம், இழப்பீட்டுப் பத்திரம், டிரான்ஸ்மிஷனுக்கான ஐஎஸ்ஆர்-5 விண்ணப்பம், என் விவரங்களுக்கான ஐஎஸ்ஆர்-1, என் கையொப்பத்தை வங்கி சான்றளிக்கும் ஐஎஸ்ஆர்-2 எல்லாம் சேர்ந்தன. இந்தக் கடைசிப் படிவத்தை வங்கிக் கிளையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை போலும். மூன்று முறை நடந்தேன்.

நவம்பரில் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். டிசம்பரில் ஆட்சேபக் கடிதம் வந்தது: பத்திரத்தில் உள்ள பெயரும் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. பத்திரத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒற்றைத் தலைப்பெழுத்து. இறப்புச் சான்றிதழில், பான் அட்டையில் இருந்தபடியே, அதே எழுத்து தாத்தாவின் முழுப்பெயராக விரிந்து, குடும்பப் பெயரைப் போலப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தலைப்பெழுத்து என்றால் தகப்பன் பெயர் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் அறிந்த படிவத்துக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் பிறர் பங்கை வேறொருவர் கொண்டுபோகாமல் காப்பதும் இதே கெடுபிடிதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவின் வாக்காளர் அட்டையில் அவர் பெயர் தனியாகவும் தாத்தா பெயர் தனியாகவும் இருந்தது எங்களைக் காப்பாற்றியது. அதன் நகலோடு, இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழியையும் இணைத்து ஜனவரியில் மறுபடி அனுப்பினேன்.

மார்ச்சில் வந்த உறையில் புதிய பத்திரம் இல்லை. 'உறுதிக் கடிதம்' என்று ஒரே ஒரு தாள் இருந்தது. டிரான்ஸ்மிஷனில் காகிதப் பத்திரம் வழங்குவதை 2022இலேயே செபி முடித்துவைத்திருந்தது. அந்தக் கடிதத்தை 120 நாட்களுக்குள், பங்குகளைக் காகிதமின்றி மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு உள்ள இடத்தில் கொடுத்துவிட வேண்டியிருந்தது. தவறியிருந்தால் பங்குகள் நிறுவனத்தின் தனிக் கணக்கொன்றுக்குப் போயிருக்கும், அங்கிருந்து மீட்க வேறொரு விண்ணப்பம். டிமேட் கோரிக்கைப் படிவத்தோடு மறுநாளே கொடுத்தேன். மின்னணுப் பங்குகளைக் காத்துவைக்கும் டெபாசிட்டரி இங்கே என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் ஆகிய இரண்டு மட்டுமே. நாம் கணக்குத் தொடங்கும் வங்கியும் தரகு நிறுவனமும் அவற்றுக்கும் நமக்கும் இடையில் நிற்கும் பங்கேற்பாளர்கள். ஏப்ரலில் என் கணக்கில், ஐஎன்இ என்று தொடங்கும் 12 எழுத்து ஐஎஸ்ஐஎன் குறியீட்டுக்கு (அந்தப் பங்கை அடையாளம் காட்டும் எண்) எதிரே 1,000 என்ற எண் வந்து நின்றது.

மே மாதம், வீட்டுக் கூரை வேலைக்காக 300 பங்குகளை விற்க முடிவு செய்தேன். அதிகம் கைமாறாத பங்கு அது. திரையில், வாங்குவோர் பக்கத்தில் 312.40 ரூபாய்க்கு வெறும் 35 பங்குகளுக்கே ஆள் இருந்தது; அடுத்த ஆள் 312.00, அதற்குக் கீழே 309 வரை சரிவு. விற்போர் பக்கத்தில் மிகக் குறைந்த விலை 313.80. கிடைக்கும் விலைக்கு விற்கச் சொல்லும் சந்தை விலை ஆர்டர் போட்டிருந்தால் என் 300 பங்கும் அந்தப் படிக்கட்டில் உருண்டிருக்கும். 312 ரூபாய்க்குக் கீழே விற்காதபடி வரம்பு விலை ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிற்பகலுக்குள் மூன்று துண்டுகளாக விற்று முடிந்தது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் டி+1 தீர்வு முறை வந்துவிட்டதால் அடுத்த வேலை நாளே பணம் வந்தது. ஒப்பந்தக் குறிப்பில் 0.1 சதவீதப் பங்குப் பரிவர்த்தனை வரியாக 94 ரூபாயும், தரகும், சில சில்லறைக் கட்டணங்களும் பிடித்திருந்தார்கள்.

வருமான வரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாரிசாகக் கிடைத்த பங்குக்குக் காலக் கணக்கு அப்பா வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. எனவே இது நீண்டகால ஆதாயம். 2018 ஜனவரி 31ஆம் தேதியின் உச்ச விலையை வாங்கிய விலையாகக் கொள்ளவும் அப்பாவின் பழைய பங்குகளுக்கு வழி இருந்தது. அந்த ஆண்டு 1 லட்சம் ரூபாய் ஆதாயம் வரை வரி இல்லை என்பதால் நான் எதுவும் கட்டவில்லை. படிவத்தில் மட்டும் காட்டினேன்.

மீதி 700 பங்குகள் கணக்கில் இருக்கின்றன. விற்ற அன்று மாலையே மனைவியையும் மகளையும் நாமினிகளாகச் சேர்த்தேன். தலைப்பெழுத்தை எங்கே போடுவது என்று யோசிக்காமல், பான் அட்டையை எதிரே வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தேன்.