நாவலரை எழுதும் நாட்கள்

மார்ச் 4

நான் எழுதும் வாழ்க்கை வரலாற்றில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை அத்தியாயம் முடிந்தது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்ற சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்குகிறார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வாராவாரம் பிரசங்கம். பாதிரிமாரிடம் கற்ற வித்தைகளைக் கொண்டே பாதிரிமாரை எதிர்த்த துணிச்சலை எழுதும்போது கை தானாக ஓடியது. நாளை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மார்ச் 9

கடலூர் மஞ்சக்குப்பம் போய் வந்தேன். தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் வள்ளலாரின் பாடல்களைத் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சிட்டார். தேவார திருவாசகங்களே அருட்பா என்று நாவலர் கொதித்தார். பகை வளர்ந்து 1869-இல் இவ்வூர் நீதிமன்றப் படியேறியது. வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றாராம். சிறுவயதில் அப்பா சொல்லக் கேட்டு மெய்சிலிர்த்த கதை இது. நூலில் 'அன்பர்கள் சொல்வார்கள்' என்றுதான் எழுதுவேன். அப்பா இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

மார்ச் 15

இன்று முழுவதும் ஒரே பத்தியோடு மல்லுக்கட்டு. சைவ ஒழுக்கத்தில் சாதி வரம்பை நாவலர் வலியுறுத்தியதை 'அக்காலச் சூழல்' என்று நான்கு வரியில் கடந்திருந்தேன்.

நாவலர் பிறந்தது 1822 டிசம்பர். வள்ளலார் பிறந்தது 1823 அக்டோபர். இடையில் பத்தே மாதம். இருவரும் சைவத்தில் ஊறியவர்கள், ஒரே தில்லைக் கூத்தனை வணங்கியவர்கள். அவர்களில் ஒருவர் சாதியும் மதமும் சமயமும் பொய் என்று அகவல் பாடினார். அப்படியிருக்க எந்தக் காலத்தின் தலையில் பழியைப் போடுவது? நாவலரைக் காப்பாற்றத்தான் அந்த நான்கு வரியை எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

மார்ச் 16

இரண்டு தொலைபேசி அழைப்புகள். "எங்கள் ஐயாவைச் சந்தியில் நிறுத்தப் போகிறீர்களா?" என்றார் ஒரு பெரியவர். "சாதி பார்த்தவருக்கு எதற்குச் சரித்திரம்?" என்றார் என் பழைய மாணவர். இருவரிடமும் அச்சில் வந்ததும் படியுங்கள் என்றேன்.

மார்ச் 22

1877. யாழ்ப்பாணத்தில் பஞ்சம். நாவலர் கஞ்சித்தொட்டி வைக்கிறார்; பாராமுகமாக இருந்த ஆங்கிலேய அரசாங்க அதிபர் துவைனத்தை வெளிப்படையாகச் சாடுகிறார். பத்தாண்டுக்கு முன் வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பை மூட்டியது நினைவுக்கு வந்து, எழுத முடியாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜென்மப் பகையாளிகள் என்று நாம் சொல்லும் இருவருக்கும் பசி பொறுக்கவில்லை.

கஞ்சித்தொட்டியோடு நூலை முடித்தால் வாசகர் கண்கலங்கி எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார். சாதியைக் கடைசியில் வைத்தால் அந்தக் கஞ்சியும் புளித்துவிடும். இரண்டுக்கும் எனக்கு மனமில்லை. தனி அத்தியாயங்களைக் கலைத்து, எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் அடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்று 1872 வரை வந்தேன்.