ஃபீக்கிளில் கேட்ட பிடில்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போனது அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு. என்னிஸ் நகரிலிருந்து டல்லா வழியாகக் காரில் போனால், ஸ்லீவ் ஆக்டி மலைகளுக்குத் தெற்கே ஃபீக்கிள் என்ற சிற்றூர் வரும். பிடில் கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸ் 1962இல் பிறந்து வளர்ந்த மஹெரா அதற்கு அருகில்தான். அவருடைய தந்தை பி. ஜே. ஹேய்ஸும் பிடில்காரர்; 1946இல் தொடங்கிய டல்லா கெய்லி (நாட்டார் நடன) இசைக்குழுவை நெடுங்காலம் வழிநடத்தியவர்.

ஊரில் பெப்பர்ஸ் என்றொரு பப் இருக்கிறது. நான் போன இரவில் அங்கே மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. ஒரு மூலை மேசையைச் சுற்றி வாசிப்பவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் முன்னாலும் இசைத்தாள் கிடையாது. நரைத்த தலையுடன் ஓர் அம்மையார் பிடிலை எடுத்து ஒரு ரீலைத் தொடங்கினார்.

எவ்வளவு நிதானம்! ரீல் நடனத்துக்கான மெட்டு. விரைந்து வாசிக்கிறவர்களே அதிகம். 1920களில் நியூயார்க்கில் பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் பதிவுசெய்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தபின், அவருடைய ஸ்லைகோ மாவட்டப் பாணியின் துடிப்பையும் மினுக்கையும் நாடெங்கும் பலர் பின்பற்றினார்கள். கிழக்கு கிளேர் தன் நடையை விடவில்லை. அந்த நிதானம்தான் இந்த இசையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெட்டு மிகச் சிறியது. பெரும்பாலும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, முழு மெட்டையும் இரண்டு மூன்று தடவை சுற்றி வருவார்கள். அந்த அம்மையார் ஒரு சுற்றில் நீட்டிய சுரத்தை அடுத்த சுற்றில் ‘ரோல்’ ஆக்கினார். அதாவது மூல சுரம், அதற்கு மேலே ஒரு தொடுகை, மீண்டும் மூல சுரம், கீழே ஒரு தொடுகை, மறுபடியும் மூல சுரம். ஐந்தும் கண்ணிமைக்கும் நேரத்தில். கர்நாடக வயலினில் விரல் தந்தியின்மேல் வழுக்கிச் சென்று கமகத்தை உண்டாக்கும். இங்கே விரல் தட்டிவிட்டு எழுகிறது. அந்தத் தட்டல் சுரமாகக் காதில் விழுவதைவிடத் தாளமாகவே விழுகிறது. மூன்றாம் சுற்றில் அவர் ரோலையும் விட்டுவிட்டார். வில்லை மட்டும் இலேசாக அழுத்தி எடுத்தார். கேட்டுக் கேட்டுப் பழகிய மெட்டு அந்த அழுத்தத்தில் சோகமாகிவிட்டது.

இந்தக் கலையின் முக்கால் பங்கு வலக்கையில் இருக்கிறது. எந்தச் சுரங்களை ஒரே வில் வீச்சில் சேர்ப்பது, எங்கே வில்லைத் திருப்புவது என்பதில்தான் ஆட்டத்தின் ஊசல் பிறக்கிறது. இடக்கை பெரும்பாலும் கழுத்தின் மேல்முனையை விட்டு நகர்வதே இல்லை.

மார்ட்டின் ஹேய்ஸ் செய்த பெரிய காரியம், சிகாகோவைச் சேர்ந்த கிதார் கலைஞர் டென்னிஸ் காஹிலுடன் சேர்ந்து இந்த நிதானத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. 1999இல் வெளிவந்த அவர்களுடைய சியாட்டில் கச்சேரிப் பதிவில், மெட்டுக்குப் பின் மெட்டாகக் கோத்த ஒரு தொடர் அரை மணி நேரத்தை நெருங்குகிறது. மெல்லத் தொடங்கி, வேகம் ஏறுவதே தெரியாமல் ஏறும். காஹில் 2022இல் காலமானார். அவர் வாசிக்காமல் விட்ட இடங்களுக்காகவே அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

ஃபீக்கிளில் ஆகஸ்ட் மாதம் இசைவிழா நடக்கிறது. போகிறவர்கள் வாசிப்பவரின் வலக்கை தெரியும் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.