வண்டி நாட்குறிப்பு: எங்கிருந்து ஒழுகுகிறது?

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

நேற்று ராத்திரி மதுரை பீ.பீ.குளத்தில் முக்கால் மணி நேரம் மழை அடித்தது. காலையில் வண்டிக்குள் ஏறினால் தலையணையில் டீ கொட்டினாற்போல ஒரு வட்டம். அண்ணாந்து பார்த்தேன். கூரை ரெக்சினில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தொந்தி. விரலை வைத்ததும் அது நழுவிப்போய், தையல் வழியாக நேராக என் கண்ணிலேயே சொட்டியது. நனைந்த கோணிச்சாக்கு நாற்றம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு: வண்டி 2006 மாடல் டெம்போ டிராவலர், குட்டை சேஸ். 1987இல் பஜாஜ் டெம்போ கொண்டுவந்த வண்டி. கம்பெனி 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய மறுவருடம் எங்களுடையது பிறந்திருக்கிறது. மெர்சிடிஸ் வழிவந்த நாலு சிலிண்டர் டீசல். முதலில் ஸ்டாஃப் வேனாக ஓடியது. பிறகு ஒருவர் சீட்டை எல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, 60 லிட்டர் தண்ணீர் டேங்க் வைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, 2022இல் அவரிடமிருந்து வாங்கினேன். வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாயிற்று, அடுத்து 2026இல் மறுபடியும் காட்ட வேண்டும், பசுமை வரியோடு.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வண்டி. தெருவில் கொண்டுவந்து நிறுத்திய முதல் வாரம் "எந்தப் படம் சார்?" என்று கேட்காத ஆளில்லை.

போன வருடம் கூரையில் 160 வாட் சோலார் பேனல் நானே மாட்டினேன். நாலு பக்கமும் அலுமினிய ஆங்கிள் கட்டி, காற்று புகுந்து தூக்கிவிடாதபடி ஆங்கிளின் அடி முழுக்க சிலிக்கான் பூசினேன். இந்த வண்டியில் எனக்குப் பெருமை என்று இருப்பது அந்த வேலை ஒன்றுதான். மற்ற ஓட்டை உடைசல் எல்லாம் பழைய ஓனர் வைத்துவிட்டுப் போனது.

15 செப்டம்பர், ஞாயிறு

ஓஸ் பைப்பை மாடியிலிருந்து இழுத்துக் கூரை மேல் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மனைவி உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் ஆகியும் ஒரு சொட்டு இல்லை.

எதிர்வீட்டு அண்ணன் வாசலுக்கு வந்தார். "குடிக்கத் தண்ணிக்கு லாரி எப்ப வரும்னு கெடக்கோம். சார் வண்டிய குளிப்பாட்டுறாக." என்னிடம் சொல்லவில்லை, தெருவிடம் சொன்னார். சொன்னதில் தப்பும் இல்லை. பைப்பைச் சுருட்டிவிட்டேன்.

சந்தேகம் முழுக்க பழைய கேரியர் மேல்தான். முன்னவர் கூரையில் கேரியர் போட்டுக் கழற்றியிருக்கிறார். எட்டு போல்ட் ஓட்டை. பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட். மதுரை வெயிலில் அது எத்தனை நாள் நிற்கும்? நாலு மீட்டர் இரும்புத் தகடு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். ராத்திரி திரும்பச் சுருங்கும். தகடு தினமும் மூச்சுவிடுகிறது, பட்டி விடாது. விரிசல் விடத்தான் செய்யும். இதைக் கரும்பலகையில் முப்பது வருடம் எழுதிப்போட்டவன் நான்.

22 செப்டம்பர், ஞாயிறு

எட்டு ஓட்டையையும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, தின்னரில் துடைத்து, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்தேன். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும். மேலே பெயின்ட்டும் ஒட்டும். சிலிக்கானில் அந்த வசதி கிடையாது. பெயின்ட் பிடிக்காது, பழைய சிலிக்கான் மேல் புதுசும் ஒட்டாது. மொத்தமாகச் சுரண்டாமல் மேலே மேலே அப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஏணியில் நின்று முதுகு போய்விட்டது. ஆனால் முடிந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

முடியவில்லை. வியாழக்கிழமை மழைக்கு அதே தலைமாட்டில் அதே சொட்டு. அவள் தலையணையை எடுத்துவிட்டு அங்கே தூக்குவாளியை வைத்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

இதற்கு நடுவில் ரேடியேட்டர். ஒத்தக்கடை வரை போய் வருவதற்குள் இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. கோரிப்பாளையம் பக்கம் பாய் பட்டறையில் கழற்றிப் பார்த்தால் குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. "போர் தண்ணி ஊத்துனீங்களா சார்?" ஊற்றியிருக்கிறேன், அவசரத்துக்கு, இரண்டு மூன்று தடவை. ராடு விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, வாட்டர் பாடியில் (தண்ணீர் பம்ப்) சீலும் மாற்றினார். இனிமேல் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். எதிர்வீட்டு அண்ணனின் அம்மா பொரிகடலை வாங்க வந்தவர், ஒரு கால் படியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அடுப்பெல்லாம் இருக்கு!" அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். தெருவுக்கே அப்பத்தா.

26 அக்டோபர், சனி

நேற்றைய மழையைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்குப் பிடித்தது. ஒரே மதியத்தில் 9 செ.மீ.க்கு மேல். பந்தல்குடிக் கால்வாய் நிரம்பி செல்லூர் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் தெருவே கால்வாய்ப் பக்கம் சரிந்த தெரு. முழங்கால் அளவு ஓடியது. வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவின் மேட்டுமுனைக்குக் கொண்டுபோவதற்குள் சக்கரத்தின் நடுக் குமிழ் வரை தண்ணீரில் நின்றுவிட்டது.

எதிர்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அண்ணனும் மதினியும் சாமான்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருக்க, நனைந்த சேலையோடு அப்பத்தா திண்ணையில். அவரைத் தூக்கிவந்து கட்டிலில் உட்காரவைத்தோம். மனைவி மாற்றுச்சேலை கொடுத்தாள், டீ போட்டாள். தெருவில் கரன்ட் இல்லை. எங்களுக்குப் பேட்டரி விளக்கு. அதோடு தூக்குவாளியில் டிங், டிங்.

"ஓடுற வீடும் ஒழுகுதா?" என்றார் அப்பத்தா.

பழைய ஓனர், கேரியர், போல்ட் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. "எங்க ஓட்டு வீட்ல சொட்டுற எடத்துல ஓடு ஒடஞ்சிருக்காது. எங்கயோ ஒடஞ்சு எங்கயோ சொட்டும். மேல தேடணும்." ஓட்டுக்கூரை சரிவு, அதனால் அப்படி, இது தட்டையான தகடு என்றேன். சரிப்பா என்று டீயைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தூங்கினார். நாங்கள் இருவரும் முன்சீட்டில்.

29 அக்டோபர், செவ்வாய்

சக்கரம் தண்ணீரில் நின்றால் பியரிங் கிரீஸ் போச்சு என்று அர்த்தம். பாய் நாலையும் இறக்கிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்தார். பின் ஆக்சிலில் ஆவி போக ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். போல்ட்டைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுக் காட்டினார். பால் விட்ட டீ நிறம். மாற்றினோம். தீபாவளிக்கு வைத்திருந்த காசு அதோடு சரி.

அண்ணன் நேற்று ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். ஓஸ் பைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

17 நவம்பர், ஞாயிறு, சிறுமலை

நேற்று மதியம் கிளம்பினோம். திண்டுக்கல் போய், நத்தம் சாலையில் பிரிந்து, 18 கொண்டை ஊசி. இரண்டாவது கியரைவிட்டு மேலே போடவே இல்லை. முள் பாதியிலேயே நின்றது. பாய்க்கு ஒரு கும்பிடு. டேங்க்கைப் பாதிதான் நிரப்பியிருந்தேன். 30 லிட்டர் என்றால் 30 கிலோ குறைவு. மலையில் அது தெரிகிறது.

காட்டுப் பகுதியில் ஓரமாக நிறுத்தி ராத்திரி தங்க விடமாட்டார்கள். தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் களத்துமேடு மாதிரி ஒரு இடம் கொடுத்தார். மேடு பார்த்து ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினேன். ராத்திரி மழை. தலைமாட்டில் தூக்குவாளி தயாராக இருந்தது. விடிய விடிய ஒரு சொட்டு விழவில்லை. பி.யூ. சீலன்ட் வேலை செய்துவிட்டது என்று இருட்டிலேயே சிரித்துக்கொண்டேன்.

காலையில் பின்கதவுப் பக்கம் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். (5 கிலோ சிலிண்டர். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்; அதனால் சிலிண்டர் பெட்டிக்கு அடியில் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அதைக் குனிந்து பாருங்கள்.) காய்ந்த கல்லில் சுர்ரென்று ஒரு சத்தம்.

"நான் இன்னும் தண்ணி தெளிக்கலையே," என்றாள்.

மறுபடி சுர். இருவரும் மேலே பார்த்தோம். அடுப்புக்கு நேர் மேலே, பளபளவென்று அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டுக்கும் அடுப்புக்கும் நடுவே ஏழு அடி.

எட்டு ஓட்டையும் கட்டில் பக்கம். இது ஒன்பதாவதா? சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம். இறங்கும்போது நான் அதிகம் பேசவில்லை.

18 நவம்பர், திங்கள்

நேற்று மலை இறங்கும்போது ஆறாவதோ ஏழாவதோ வளைவில் விஷயம் பிடிபட்டது. வீட்டுத் தெருவில் வண்டி மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது, முன்னால் சொட்டுகிறது. சிறுமலையில் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றது, பின்னால் சொட்டியது. இரண்டும் ஒரே ஓட்டை. தண்ணீர் நடுவில் எங்கோ இறங்கி, பிளைவுட்டுக்கு மேலே சரிவு பார்த்து ஓடுகிறது. அப்பத்தா சொன்னது இதைத்தான்.

நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நடுவில் சோலார் பேனல் இருக்கிறது.

24 நவம்பர், ஞாயிறு

பேனலைத் தூக்க மூன்று மணி நேரம். அவ்வளவு கெட்டியாகப் பூசியிருக்கிறேன். தூக்கியதும் உள்ளே ஒரு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர், அடியில் வண்டல், ஒரு வேப்பங்கொட்டை முளைவிட்டிருந்தது. பேனல் ஓரத்து இடுக்கில் இறங்கும் மழை வெளியேற வழியில்லாமல் நாலு பக்கமும் நானே கரை கட்டியிருக்கிறேன். கண்மாய்க்குக்கூட மடை வைப்பார்கள். கேபிள் உள்ளே போக நான் துளைத்த ஓட்டையில் ஒரு ரப்பர் புஷ்; அதன் கழுத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக, நகம் நுழையும் வெடிப்பு. மட்டம் அதுவரை ஏற நல்ல மழை அரை மணி நேரம் பெய்ய வேண்டும். என் பத்து நிமிட ஓஸ் பைப்புக்கு அது எப்படிச் சொட்டும்?

சிலிக்கானை ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன். ஆங்கிளைக் கழற்றி எறிந்துவிட்டு, பேனலை ஒரு அங்குலம் தூக்கி நாலு மூலையில் மட்டும் கால் கொடுத்தேன்; தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடட்டும். கேபிள் நுழையும் இடத்தில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மூடி, வாய் பின்பக்கம் பார்த்து, சுற்றிலும் பி.யூ.

உள்ளே கூரைப் பலகையைக் கழற்றி, ஊறிய பஞ்சை எல்லாம் பிடுங்கியாயிற்று. மாலையே திருப்பி மாட்டிவிடலாம் என்றேன். "மழை பெய்யட்டும், அப்புறம் மூடலாம்," என்றாள்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை. நேற்றிலிருந்து தென் மாவட்டங்கள் முழுக்க மழை. வாசல் விளக்கு நிற்கவில்லை. திண்ணைக்குள் தள்ளி வைத்தோம். ஒன்பது மணிக்கும், பதினொன்றுக்கும், விடிகாலை நாலு மணிக்கும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டின் அடிப்பக்கம் மாவு மாதிரி தூசி, உலர்ந்தபடியே. வண்டியைப் பின்னால் எடுத்து மேட்டுமுனையில் திருப்பி நிறுத்தியும் பார்த்தேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து அண்ணன் கையைக் காட்டினார், ரிவர்ஸ் எடுக்க.

15 டிசம்பர், ஞாயிறு

இன்று கூரையை மூடினோம். புதுப் பலகை, பஞ்சுக்குப் பதில் தண்ணீர் குடிக்காத ஃபோம் ஷீட். தூக்குவாளி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

மூடுவதற்கு முன்னால், அடுத்து இந்த வண்டியை வாங்கப்போகிறவர் தேடி அலைய வேண்டாமே என்று, தகட்டின் உள்பக்கம் பென்சிலால் எழுதினேன்: "24-11-2024. கேபிள் ஓட்டை, இங்கேதான். அடைத்தாயிற்று."

அவள் பலகையைத் தலையால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தாள். "யார் போட்ட ஓட்டைன்னு எழுதலையா?"

அதையும் எழுதினேன். அதற்கப்புறம்தான் பலகையை மேலே தூக்கிக் கொடுத்தாள்.