அரச குடும்பத்துக்கும் விலக்கில்லை

அரச குடும்பத்தினரே வந்தாலும் சுங்கம் கட்டியே ஆக வேண்டும் என்கிறது பலகை. இங்கிலாந்தில் உள்ள அயர்ன்பிரிட்ஜ் பாலத்தின் தென்கரைச் சுங்கச்சாவடியில் இன்று படித்தேன். படைவீரர்களுக்கும் விலக்கில்லை, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்!

கறாரான ஊர்தான். வாகனங்களுக்கு 1934-இல் பாலத்தை மூடிவிட்டார்கள். நடந்து போனவர்களிடம் 1950 வரை வசூலித்திருக்கிறார்கள்.

எல்லோரும் தூரத்தில் நின்று வளைவைப் படம் எடுக்கிறார்கள். நான் அடியில் போய் அண்ணாந்து பார்த்தேன்.

1779-இல் செவர்ன் ஆற்றின் மேல் நிறுத்திய வார்ப்பிரும்புப் பாலம். இந்த அளவில் அதற்கு முன் எவரும் கட்டியதில்லை. இரும்பை எப்படி இணைப்பது என்று யாருக்குத் தெரியும்? தச்சு வேலையைத்தான் நம்பினார்கள். ஒரு சட்டத்தின் முனை இன்னொன்றின் துளைக்குள் நுழைகிறது, இறுக்குவதற்கு ஆப்பு. மரத்துக்குச் செய்வதை அப்படியே இரும்புக்கும் செய்திருக்கிறார்கள். எனக்கு வளைவைவிட அந்த ஆப்புகள்தான் பிடித்தன.

இன்று கரையெல்லாம் மரங்கள், தேநீர்க் கடைகள். பக்கத்துக் கோல்புரூக்டேலில்தான் 1709-இல் முதலாம் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கற்கரியை (கோக்) போட்டு இரும்பு உருக்கினார். புகையும் தீயுமாகக் கிடந்த பள்ளத்தாக்கு என்று சொன்னால் இப்போது நம்ப முடியாது.

பாலத்தை வார்த்தவர் அவருடைய பேரன், மூன்றாம் ஆபிரகாம் டார்பி. செலவு கைமீறிப் போனது. 1789-இல் இறக்கும்வரை அந்தக் கடன் அவரை விடவில்லை.