எழுதணுமா அண்ணா?

என்னோடு வேலை பார்த்த பையன் கேட்டது இவ்வளவுதான்: "காலேஜ்ல நாலஞ்சு தடவை கஞ்சா இழுத்திருக்கேன் அண்ணா. ஃபார்ம்ல எழுதணுமா?"

"கேள்வியை நல்லாப் படி. உனக்கே தெரியும்" என்றேன்.

தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள அனுமதி, அதாவது க்ளியரன்ஸ், வேண்டுமென்றால் நிரப்ப வேண்டிய எஸ்.எஃப். 86 படிவத்தின் 23ஆம் பகுதியில் மழுப்ப இடமே கிடையாது. கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் எதையாவது சட்டவிரோதமாகப் பயன்படுத்தினாயா என்று கேட்கிறது. வர்ஜீனியாவில் 2021 ஜூலையிலிருந்து 21 வயது நிரம்பியவர்கள் கொஞ்சம் கஞ்சா வைத்திருக்கலாம். ஆனால் மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது. அவன் படித்துத்தான் இருப்பான். பிறகும் என்னிடம் வந்து கேட்டான் என்றால், "எழுது" என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்திருக்கிறது.

நான் என் க்ளியரன்ஸை நினைத்தேன். விசாரணை அதிகாரி நாளை என்னிடமும் வருவார், அவனைப் பற்றிக் கேட்பார். இதற்கு மேல் எதுவும் என் காதில் விழாமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. அந்தத் தயக்கத்தை அவன் எப்படிப் புரிந்துகொண்டான் என்று தெரியவில்லை. 'இல்லை' என்று போட்டுவிட்டான்.

அவனுடைய பழைய அறைத்தோழன் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். க்ளியரன்ஸ் மறுக்கப்பட்டது, வேலையும் போயிற்று. முடிவுக் கடிதத்தை என்னிடம் காட்டினான். கஞ்சா பழைய சங்கதி, அதற்குப் பிறகு தொடவில்லை என்று அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள். மறைத்ததைத்தான் மன்னிக்கவில்லை. பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று அப்போதைய தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரிலேயே எழுத்தில் தெளிவுபடுத்தியிருந்தார். அது எனக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போட்டது அவன்தானே, குழந்தையா?" என்கிறாள் மனைவி. நியாயம்தான். படிவத்தில் பொய் சொன்னால் 5 ஆண்டுவரை சிறை என்று தெரிந்தேதான் போட்டான்.

ஆனால் படிவம் கொடுத்ததற்கும் நேர்காணலுக்கும் நடுவில் மாதங்கள் இருந்தன. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் தானாகப் போய்த் திருத்தினால் அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்த மாதங்களில் தினமும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். "என்னடா எழுதினே?" என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கிட்டத்தட்ட அதே கேள்வியோடு வந்தாள். "செக்யூரிட்டி ஆஃபீசரைக் கேளும்மா" என்றேன். க்ளியரன்ஸ் விஷயங்களுக்குப் பொறுப்பு அவர்தான், முறைப்படி அதுதான் சரி. "எழுது" என்ற சொல் இந்த முறையும் என் வாயில் வரவில்லை.