முதலில் எடை

சென்னையில் ஒரு பெரிய அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்த முதல் வாரத்தில், வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு குழந்தையின் எடையைத் தாயிடம் கேட்டு, அவர் சொன்ன "பத்து கிலோ இருக்கும்" என்ற பதிலை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினேன். பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர், "பார்த்து எழுதினாயா, கேட்டு எழுதினாயா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே குழந்தையின் சட்டையைக் கழற்றித் தராசில் கிடத்திவிட்டார். 7.4 கிலோ.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது ட்ரிப் போடும்போதுதான் புரிந்தது. பத்து கிலோ வரையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 மி.லி. திரவம் என்ற கணக்கு 1957-இல் ஹாலிடே, சீகர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தது. அடிப்படைக் கணக்காக இன்றும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். 60 சொட்டு ஒரு மி.லி. ஆகும் மைக்ரோ ட்ரிப் செட்டில், மணிக்கு எத்தனை மி.லி. போக வேண்டுமோ அத்தனை சொட்டை நிமிடத்திற்கு வைத்தால் போதும். 7.4 கிலோவுக்கு அது 31 சொட்டு. நான் எழுதிய எடைக்கு 42. உடலில் வற்றிப்போன நீரை ஈடுகட்டுவதற்கான அளவு இதற்கு மேல் தனியாகச் சேரும், அதுவும் எடையை வைத்துத்தான். ஒரே கேள்வியைச் சோம்பலாகக் கேட்டதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் திரவம் ஏறியிருக்கும்.

பெரியவர்கள் வார்டில் ஐம்பது கிலோக்காரருக்கும் எண்பது கிலோக்காரருக்கும் அதே 500 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்துவிடலாம். குழந்தைகள் மருத்துவமனையில் ஒரே நாளில் 900 கிராம் குறைமாதக் குழந்தையும் நாற்பது கிலோ பையனும் நம் கைக்கு வருவார்கள். அதனால்தான் அங்கே மேற்படிப்பு மாணவர்களுக்கும் செவிலியர் மாணவிகளுக்கும் பாடம் ஸ்டெதாஸ்கோப்பில் தொடங்குவதில்லை, தராசில் தொடங்குகிறது. காலை ரவுண்டில் பேராசிரியர் நோயின் பெயரைக் கேட்பதற்கு முன் இன்றைய எடையைக் கேட்பார். நேற்றைய எடையைச் சொன்னால் அடுத்த கட்டிலுக்கு நகரமாட்டார். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் பத்து சதவீதம் வரை எடை குறைவதும், பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அதை மீட்பதும் இயல்பு என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், தினமும் எழுதிப் பார்த்தபோதுதான் எந்தக் குறைவுக்கு அஞ்ச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய்களும் தனிக் கட்டடமும் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கும் நம் எடை நோட்டுதான் வாசல். 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பற்றியது. ஐந்து நாடுகளில் நடந்தது, இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில். குழந்தையின் நிலை சீரான பிறகே தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடங்குவது வழக்கமாக இருந்தது. பிறந்தவுடனே தொடங்கியபோது, 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது, அவ்வளவே. தாய்மாரை வெளியே உட்கார வைத்துப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டில்தான் கடினமான பகுதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாறுதல் பெற்றுக் குமரி மாவட்டத்திற்குத் திரும்பி, இப்போது மேற்குக் கடற்கரையில் ஒரு சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். இங்கே பெரிய சிகிச்சைக்குக் குழந்தைகளை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம். எழுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையை விட இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள திருவனந்தபுரமே பலருக்குப் பழக்கமான ஊர். எங்கே அனுப்பினாலும் சீட்டின் முதல் வரியில் எடையை எழுதிவிடுவேன். "பிள்ளைய நிறுத்துப் பாக்கப்பிடாது சிஸ்டர், கண்ணு பட்டுரும்" என்று மறுக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதில்லை, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்கிறேன்.

ஒரு தாய் காய்ச்சல் மருந்துப் பாட்டிலைக் கையோடு கொண்டு வந்திருந்தார். முன்பு கொடுத்த பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் கொண்டது. இந்த முறை கடையில் வாங்கியது ஒரு மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ். பழைய அளவிலேயே ஊற்றியிருந்தால் நான்கு மடங்கு போயிருக்கும். கொடுப்பதற்கு முன்னால் கேட்க வந்தது அவருடைய புத்தி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, பாட்டிலோடு வந்த டிராப்பரில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் மீன் விற்கும் ஓர் அம்மை பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் தராசில் துண்டை விரிக்கும்போதே, "எட்டு கிலோ காணும் மக்களே" என்றார். திரையில் 8.2 வந்தது. பரவாயில்லையே என்று சிரித்துக்கொண்டு எழுதப் போனேன். அவர் சிரிக்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு, "துண்டு எடைய கழிச்சியா?" என்று கேட்டார். குழந்தையைத் தூக்கிவிட்டு, துண்டோடு தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடியும் கிடத்தினேன். 7.9.